வெளி ஸ்கிரிப்ட் கோப்புகளை வலைப்பக்கத்தில் பாதுகாப்பாக ஏற்றும் முறை

வேறொரு டொமைனில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை ஸ்கிரிப்ட் டேக் போட்டு அழைத்தால், வந்து சேரும் நிரல் உங்கள் பக்கத்தின் முழு உரிமையோடு ஓடுகிறது. எங்கிருந்து வந்தது என்று பிரவுசர் பார்ப்பதில்லை. எந்தப் பக்கத்தில் ஓடுகிறது என்பதை மட்டுமே பார்க்கிறது. படிவத்தில் தட்டப்படும் ஒவ்வொரு எழுத்தையும் அந்த நிரலால் படிக்க முடியும், லோக்கல் ஸ்டோரேஜைத் துழாவ முடியும், லாகின் செய்திருப்பவரின் பெயரிலேயே உங்கள் சர்வருக்குக் கோரிக்கை அனுப்ப முடியும். குக்கிக்கு எச்டிடிபி-ஒன்லி போட்டிருக்கிறோமே என்று ஆறுதல் அடைய வேண்டாம். குக்கியைப் படிப்பதைத்தான் அது தடுக்கும். குக்கியைச் சுமந்துகொண்டு கோரிக்கை போவதைத் தடுக்காது.

இந்த அபாயம் ஏட்டோடு நிற்பதும் அல்ல. 2018 பிப்ரவரி 11 அன்று, பக்கத்தை வாசித்துக் காட்டும் பிரவுஸ்அலவுட் என்ற கருவியின் கோப்பில் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலை யாரோ செருகினார்கள். அந்தக் கோப்பை அழைத்துக்கொண்டிருந்த 4,000-க்கும் மேற்பட்ட தளங்கள், பிரிட்டன் அரசுத் தளங்கள் உட்பட, வந்தவர்களின் கணினியில் நாணயம் தோண்டத் தொடங்கின. 2024 பிப்ரவரியில், பழைய பிரவுசர்களில் இல்லாத வசதிகளை நிரப்பும் கோப்பைத் தந்துகொண்டிருந்த பாலிஃபில்.ஐஓ என்ற டொமைன் கைமாறியது. அதே ஆண்டு ஜூனில் அது தீய நிரலைப் பரிமாறுவது அம்பலமானபோது, ஒரு லட்சத்துக்கும் அதிகமான தளங்கள் அதை அழைத்துக்கொண்டிருந்தன. அந்த நிரல் குறிப்பிட்ட மொபைல்களில், குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் வேலையைக் காட்டியது. கணினியில் உட்கார்ந்து சோதித்த டெவலப்பர் கண்ணில் படவே இல்லை.

இரண்டு சம்பவங்களுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. முதலாவதை ஹாஷ் பூட்டு, அதாவது கோப்பின் பைட்டுகளிலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற சரம் பொருந்தினால் மட்டுமே ஓட்டும் ஏற்பாடு, நிறுத்தியிருக்கும். இரண்டாவதில் பூட்டே போட முடியாது, ஏனென்றால் அந்தச் சேவை பிரவுசருக்குப் பிரவுசர் வேறு வேறு கோப்பை அனுப்பியது. வெளி ஸ்கிரிப்டைக் கையாளும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்தக் கோப்பின் பைட்டுகள் மாறுமா, மாறாதா? மாறாதென்றால் பூட்டலாம். மாறுமென்றால் தள்ளி வைத்து ஓட்ட வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும்.

முதலில் கணக்கெடுப்பு

எச்டிஎம்எல் மூலத்தைப் பார்த்துப் பட்டியல் போட்டால் பாதிதான் கிடைக்கும். ஸ்கிரிப்டே இன்னொரு ஸ்கிரிப்டை இழுத்து வருவது வழக்கம். விளம்பரம், புள்ளிவிவரம், அரட்டைப் பெட்டி போன்றவை அப்படித்தான் வளரும். பிரவுசரின் டெவலப்பர் கருவிகளைத் திறந்து, நெட்வொர்க் பலகையில் ஜேஎஸ் வடிகட்டியைப் போட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். குரோமில் மூன்றாம் தரப்புக் கோரிக்கைகளை மட்டும் காட்டும் வடிகட்டியும் உண்டு. இனிஷியேட்டர் என்ற பத்தியில் எந்தக் கோப்பு எதை அழைத்தது என்று தெரியும். முகப்புப் பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். லாகின், பணம் செலுத்தும் பக்கம், குக்கி ஒப்புதலை அழுத்திய பிறகான நிலை, மொபைல் வடிவம் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே நான்கு விஷயம் எழுதுங்கள்: எந்தப் பக்கங்களில் வருகிறது, யார் கேட்டுச் சேர்த்தது, இன்னும் பயனில் இருக்கிறதா, முகவரியில் பதிப்பு எண் உறுதியாக இருக்கிறதா. யார் கேட்டார்கள் என்றே யாருக்கும் தெரியாத ஸ்கிரிப்ட் அநேகமாக எல்லாத் தளத்திலும் ஒன்றாவது இருக்கும். அதை நீக்குவதைவிட மலிவான பாதுகாப்பு வேறில்லை. சேவையை நிறுத்திவிட்ட நிறுவனத்தின் டொமைன் காலாவதியாகி, வேறு யாரோ அதை வாங்கி, உங்கள் பக்கம் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கும் அதே கோப்புப் பெயரில் தங்கள் நிரலை வைக்கலாம். அதற்கு ஹேக்கிங் திறமை எதுவும் தேவையில்லை.

சொந்த சர்வரிலேயே வைக்க முடியுமா?

முடியுமென்றால் அதுவே முதல் தேர்வு. பொது சிடிஎன்னில் (பல தளங்களுக்கும் கோப்புகளைப் பரிமாறும் சர்வர் வலை) இருந்து எடுத்தால், வேறு தளத்தில் ஏற்கெனவே இறங்கிய கோப்பு பிரவுசரின் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) இருக்கும், வேகம் கூடும் என்று முன்பு சொல்வார்கள். அந்த வாதம் இப்போது செல்லாது. சஃபாரி பல ஆண்டுகளாகவே கேஷைத் தளம்வாரியாகப் பிரித்து வைக்கிறது. குரோம் 2020-இல் 86-ஆம் பதிப்பிலும் ஃபயர்ஃபாக்ஸ் 2021-இல் 85-ஆம் பதிப்பிலும் அதே வழிக்கு வந்தன. உங்கள் பக்கத்துக்கு வருபவர் அந்த நூலகத்தை வேறு எங்கே இறக்கியிருந்தாலும் மறுபடி இறக்கத்தான் வேண்டும். போதாக்குறைக்கு, புது டொமைனுக்கு டிஎன்எஸ் தேடலும் டிஎல்எஸ் கைகுலுக்கலும் தனிச் செலவு.

கோப்பை எடுக்கும்போது, நூலகத்தின் என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளின் பொதுக் கிடங்கு) தொகுப்பிலிருந்தோ அதன் அதிகாரபூர்வ வெளியீட்டிலிருந்தோ குறிப்பிட்ட பதிப்பை எடுங்கள். உங்கள் கிட் களஞ்சியத்தில் சேருங்கள். கோப்புப் பெயரிலேயே பதிப்பையோ ஹாஷின் ஒரு துண்டையோ வையுங்கள்; அப்போதுதான் கேஷ்-கன்ட்ரோல் ஹெடரில் மேக்ஸ்-ஏஜ் 31536000 என்று ஓராண்டுக் கெடுவும் இம்யூட்டபிள் குறியும் தைரியமாகக் கொடுக்க முடியும். சில நூலகங்கள் தங்கள் கோப்பு இருக்கும் இடத்தை வைத்துக் கூட்டாளிக் கோப்புகளைத் தேடும். பிடிஎஃப் காட்டும் நூலகத்தின் வொர்க்கர் கோப்பு, வெப்அசெம்பிளி கோப்பு, மொழிக் கோப்புகள் போன்றவை. அவற்றையும் சேர்த்து எடுத்து வைக்காவிட்டால், முகப்பில் எல்லாம் சரியாக இருந்து பிடிஎஃப்பைத் திறக்கும்போதுதான் 404 தெரியும்.

சொந்த சர்வருக்குக் கொண்டுவந்தால் இரண்டு பொறுப்புகள் கூடவே வரும். ஒன்று, புதுப்பிப்பு. ஜேக்வெரியின் 3.5.0-க்கு முந்தைய பதிப்புகளில் தெரிந்த எக்ஸ்எஸ்எஸ் (பக்கத்துக்குள் அந்நிய ஸ்கிரிப்டைச் செருகும் தாக்குதல்) ஓட்டை உண்டு. 2020 ஏப்ரலில் அடைக்கப்பட்டது. பழைய கோப்பை ஒருமுறை எடுத்து வைத்து மறந்துவிட்டால் அந்த ஓட்டை உங்களோடு நிரந்தரமாகத் தங்கிவிடும். தொகுப்புப் பட்டியலை என்பிஎம் ஆடிட் போன்ற கருவியால் வழக்கமாகச் சோதிக்கும் ஏற்பாடு வேண்டும். இன்னொன்று, உங்கள் சர்வரின் காவல். 2018 ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 5 வரை பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் அட்டை விவரங்கள் திருடப்பட்டபோது, மாற்றப்பட்டது அந்தத் தளமே பரிமாறிய மாடர்னைசர் நூலகக் கோப்புதான். 22 வரிகள் சேர்க்கப்பட்டிருந்தன; அவ்வளவே. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் பிற்பாடு 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. ஆக, கோப்பு நம் வீட்டில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. எச்டிஎம்எல் ஓர் இடத்திலிருந்தும் ஜேஎஸ் கோப்புகள் வேறு சேமிப்பகத்திலிருந்தும் வரும் அமைப்பு என்றால், சொந்தக் கோப்புகளுக்கும் கீழே சொல்லும் ஹாஷ் பூட்டைப் போடுங்கள்.

வெளியிலிருந்தே எடுக்க வேண்டுமென்றால்: ஹாஷ் பூட்டு

இதன் பெயர் சப்ரிசோர்ஸ் இன்டெக்ரிட்டி, சுருக்கமாக எஸ்ஆர்ஐ. 2016-இல் டபிள்யூ3சி பரிந்துரையானது. இன்று புழங்கும் பெரிய பிரவுசர்கள் எல்லாமே ஆதரிக்கின்றன. கோப்பின் ஹாஷை ஸ்கிரிப்ட் டேக்கின் இன்டெக்ரிட்டி ஆட்ரிபியூட்டில் எழுதி வைக்கிறீர்கள். பிரவுசர் கோப்பை இறக்கி, தானே ஹாஷ் போட்டு ஒப்பிட்டு, பொருந்தினால் மட்டுமே ஓட்டும். ஒரு பைட் மாறினாலும் ஓடாது.

முதலில் முகவரியைச் சரிசெய்யுங்கள். எச்டிடிபிஎஸ் முழுமையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இரண்டு சாய்கோட்டில் தொடங்கும் பழைய பாணி வேண்டாம். பதிப்பு எண் மூன்று பகுதியும் இருக்க வேண்டும். வெறும் 3 என்றோ லேட்டஸ்ட் என்றோ எழுதினால், நூலகத்தின் அடுத்த வெளியீடு வரும் நாளில் ஹாஷ் பொருந்தாமல் பக்கம் உடையும். ஜேஎஸ்டெலிவர் என்ற பொது சிடிஎன்னில் இன்னொரு கண்ணி: தொகுப்பில் சுருக்கிய (.min.js) கோப்பு இல்லாதபோது, கேட்ட மாத்திரத்தில் அதுவே சுருக்கிக் கொடுக்கும். அப்படி உண்டாக்கிய கோப்பின் தலையிலேயே, இதற்கு எஸ்ஆர்ஐ போடாதீர்கள் என்று குறிப்பு எழுதியிருக்கும். சுருக்கும் கருவியின் பதிப்பு மாறினால் பைட்டுகளும் மாறும் என்பதுதான் காரணம். நூலகத்தின் ஆசிரியரே சுருக்கி வெளியிட்ட கோப்பை மட்டும் எடுங்கள். கிட்ஹப்பின் ரா முகவரியை நேரடியாக டேக்கில் கொடுப்பது பயனில்லை. அது கோப்பை வெறும் உரை என்ற வகையோடும் நோ-ஸ்னிஃப் ஹெடரோடும் அனுப்புவதால் பிரவுசர் ஓட்டாது.

அடுத்து ஹாஷ். ஷா256, ஷா384, ஷா512 மூன்றும் ஏற்கப்படும். நடைமுறையில் ஷா384 வழக்கமாகிவிட்டது. ஓபன்எஸ்எஸ்எல் கருவியில் டைஜஸ்ட் கட்டளையை ஷா384, பைனரி என்ற இரண்டு தேர்வுகளோடு ஓட்டி, அதன் வெளியீட்டைக் குழாய் வழியாக அதே கருவியின் பேஸ்64 (பைட்டுகளை எழுத்துகளாக மாற்றும் முறை) கட்டளைக்கு அனுப்புங்கள். வந்த சரத்தின் முன்னால் ஷா384 என்று ஆங்கிலச் சிற்றெழுத்திலும் ஒரு சிறு கோடும் சேர்த்தால் இன்டெக்ரிட்டியின் மதிப்பு தயார்.

பைனரி தேர்வை மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அதை விட்டால் கருவி ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) உரையைக் கொடுக்கும், நீங்கள் அந்த உரையை பேஸ்64 ஆக்கிக்கொண்டிருப்பீர்கள். நீளத்தை எண்ணினால் பிடிபட்டுவிடும். பேஸ்64-இல் ஷா256 44 எழுத்து (கடைசியில் ஒரு சமக்குறி), ஷா384 64 எழுத்து (சமக்குறி கிடையாது), ஷா512 88 எழுத்து (இரண்டு சமக்குறி). ஆனால் நீளம் மட்டும் பார்த்து ஏமாறவும் வாய்ப்புண்டு: ஷா256-ஐ ஹெக்ஸாக எழுதினாலும் 64 எழுத்துதான் வரும். சரத்தில் 0 முதல் 9 வரையிலான இலக்கங்களும் ஆங்கில அரிச்சுவடியின் முதல் ஆறு எழுத்துகளும் மட்டுமே இருந்தால் அது ஹெக்ஸ், பேஸ்64 அல்ல. ஷா512 எடுக்கும்போது பேஸ்64 கட்டளைக்கு ஒரே வரியாகக் கொடு என்ற பெரிய ஏ தேர்வையும் சேருங்கள். இல்லாவிட்டால் 64 எழுத்தில் வரி உடைந்துவிடும். உடைந்த சரத்தை அப்படியே ஒட்டினால் ஹாஷ் பொருந்தாமல் கோப்பு ஓடாது.

எந்தக் கோப்புக்கு ஹாஷ் போடுகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். சிடிஎன்னிலிருந்து இப்போது இறக்கிய கோப்பு ஏற்கெனவே கெட்டிருந்தால், கெட்டதைத்தான் பூட்டி வைப்பீர்கள். என்பிஎம் தொகுப்பில் உள்ள அதே கோப்போடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று தெரிந்த பிறகு எழுதுங்கள்.

மூன்றாவது, கிராஸ்ஆரிஜின் ஆட்ரிபியூட். அதன் மதிப்பு அனானிமஸ். வேறு டொமைன் கோப்புக்கு இன்டெக்ரிட்டி மட்டும் எழுதி இதை விட்டுவிட்டால், ஹாஷ் சரியாகவே இருந்தாலும் பிரவுசர் கோப்பை மறுத்துவிடும். சிஓஆர்எஸ் (வேறு டொமைன் பக்கம் படிக்க சர்வர் தரும் அனுமதி) இல்லாமல் வந்த கோப்பின் உள்ளடக்கம் பக்கத்துக்குத் தெரியக் கூடாத ஒன்று; ஹாஷ் பொருந்துகிறதா என்று சொல்வதே ஒரு கசிவாகிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. எதிர்முனை சர்வரும் அக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின் ஹெடரை அனுப்ப வேண்டும். பெரிய பொது சிடிஎன்கள் அனுப்புகின்றன. அனுப்பாத சர்வரிலிருந்து வரும் கோப்பைப் பூட்ட வழியில்லை. அனானிமஸ் போட்டால் கூடுதலாக ஒரு நன்மை: குக்கி போகாது, அந்த ஸ்கிரிப்டில் பிழை வந்தால் வெறும் 'ஸ்கிரிப்ட் எரர்' என்ற மொட்டைச் செய்திக்குப் பதில் முழு விவரமும் உங்கள் பிழைப்பதிவில் விழும். யூஸ்-கிரெடென்ஷியல்ஸ் என்ற மதிப்பை இங்கே தொடவே வேண்டாம்.

எஸ்ஆர்ஐ சத்தமில்லாமல் தோற்கும் இடங்கள்

ஹாஷ் பொருந்தாவிட்டால் கோப்பு ஓடாது, கன்சோலில் சிவப்பில் வரும், உடனே தெரிந்துவிடும். பயப்பட வேண்டியது எதிர்ப்பக்கத்துக்கு. இன்டெக்ரிட்டியின் மதிப்பைப் பிரவுசரால் புரிந்துகொள்ள முடியாவிட்டால், அந்த ஆட்ரிபியூட்டே இல்லாதது போல எடுத்துக்கொண்டு கோப்பைச் சோதனையின்றி ஓட்டிவிடும். எம்டி5 அல்லது ஷா1 என்று எழுதினாலும், ஹாஷின் முன்னொட்டை மறந்தாலும் இதுதான் நடக்கும். ஆட்ரிபியூட் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் கேட்பாரில்லை. பக்கம் நன்றாக ஓடுவதைப் பார்த்து, பூட்டு விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

ஆகவே சோதனை கட்டாயம். எழுதி முடித்ததும் ஹாஷின் நடுவில் ஓர் எழுத்தை வேண்டுமென்றே மாற்றிப் பக்கத்தை ஏற்றுங்கள். ஸ்கிரிப்ட் ஓடக் கூடாது. ஓடினால் உங்கள் பூட்டு பொய்.

இதே இடத்தில் குரோம் ஓர் உதவி செய்கிறது, அது உபத்திரவமும் கூட. ஹாஷ் பொருந்தாதபோது, இறங்கிய கோப்பின் உண்மையான ஹாஷ் இன்னது என்று கன்சோல் செய்தியிலேயே காட்டும். அவசரத்தில் இருப்பவர் அதை நகலெடுத்து டேக்கில் ஒட்டுவார், பக்கம் சரியாகிவிடும். நேற்றுவரை பொருந்திய ஹாஷ் இன்று பொருந்தவில்லை என்றால், கோப்பு ஏன் மாறியது என்று தெரியாமல் புதிய ஹாஷை ஒட்டுவது, திருடன் கொடுத்த பூட்டை வாங்கி மாட்டுவதற்குச் சமம். பதிப்பு எண் அதேதான், பைட்டுகள் மட்டும் வேறு என்றால் டேக்கை நீக்கிவிட்டு விசாரியுங்கள்.

நியாயமான காரணங்களாலும் ஹாஷ் மாறலாம். விண்டோஸ் கணினியில் கிட் வரி முடிவுகளை மாற்றிவிட்டால் கோப்பு கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஹாஷ் வேறாகும். சுருக்கிய ஜேஎஸ் கோப்புகளைத் தொடாதே என்று கிட் ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் எழுதி வைப்பது நல்லது. இடையில் உள்ள ப்ராக்ஸி கோப்பைச் சுருக்கி மாற்றி எழுதினாலும் பொருந்தாது. ஜிஜிப், பிராட்லி சுருக்கத்தைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம், விரித்த பிறகுதான் ஹாஷ் கணக்கிடப்படுகிறது.

ஒரே டேக்கில் பல ஹாஷ்களை இடைவெளி விட்டு எழுதலாம். ஒரே வகை என்றால் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். பதிப்பு மாறும் இடைக்காலத்துக்கு இது வசதி. வேறு வேறு வகை என்றால் வலுவானது மட்டுமே கணக்கில் வரும்.

இன்னொரு எல்லையும் உண்டு. பூட்டு அந்த ஒரு கோப்புக்கு மட்டுமே. அந்தக் கோப்பு ஓடி, தானே இன்னொரு ஸ்கிரிப்டை உருவாக்கி இழுத்தால் அது பூட்டுக்கு வெளியே. மாட்யூல் வகை ஸ்கிரிப்ட் இம்போர்ட் செய்யும் கோப்புகளும் அப்படியே. அவற்றுக்கு இம்போர்ட் மேப்பில் இன்டெக்ரிட்டி எழுதும் வசதி புதிய பிரவுசர்களில் வந்திருக்கிறது. நீங்களே ஜாவாஸ்கிரிப்ட் வழியாக ஸ்கிரிப்ட் உறுப்பை உருவாக்கினால், இன்டெக்ரிட்டியையும் கிராஸ்ஆரிஜினையும் ஆவணத்தில் சேர்ப்பதற்கு முன்பே வைத்துவிடுங்கள்; சேர்த்த பிறகு வைத்தால் கோரிக்கை கிளம்பிவிட்டிருக்கும். அப்படி உருவாக்கியவை தானாகவே அசிங்க் (வரிசை பாராமல், இறங்கியதும் ஓடுவது) ஆகிவிடும் என்பதால், வரிசை முக்கியமென்றால் அசிங்க் பண்பைப் பொய் என்று மாற்றவும்.

டேக்கிலேயே எழுதும் கோப்புகளுக்கு டிஃபர் (பக்கத்தைப் படித்து முடித்த பிறகு ஓட்டும் குறி) போடுவது பொதுவாக நல்லது. வரிசை காக்கப்படும், பக்கமும் தடைபடாது. ஒன்றையொன்று சாராத புள்ளிவிவர ஸ்கிரிப்டுக்கு அசிங்க் போதும். ப்ரீலோட் லிங்க் சேர்த்தால் அதிலும் கிராஸ்ஆரிஜின் அதே மதிப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோப்பு இரண்டு முறை இறங்கும்.

மாற்று ஏற்பாடு

பூட்டு போட்டால், சிடிஎன் பிசகும் நாளில் பக்கம் பாதியில் நிற்கும் என்பதையும் ஏற்க வேண்டும். கோப்பு ஓடியதா என்று அடுத்த ஸ்கிரிப்டில் சோதித்து, இல்லையென்றால் உங்கள் சர்வரில் உள்ள நகலை ஏற்றலாம். இங்கே இரண்டு விஷயம்: மாற்று நகல் உங்களுடையதாகவே இருக்கட்டும், இன்னொரு சிடிஎன் வேண்டாம், டேக்கில் நேரடியாக ஆன்-எரர் எழுதினால் கீழே வரும் சிஎஸ்பி (கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி) அதைத் தடுக்கும், தனி ஸ்கிரிப்டில் எழுதுங்கள். ஏற்றத் தவறிய நிகழ்வு மேலே குமிழாது என்பதால், விண்டோவில் கேட்பான் வைத்தால் கேப்சர் நிலையில் வைக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டு மாற்று நகலை வைத்திருப்பவர், அதையே முதல் நகலாக வைத்துவிடலாமே என்று ஒரு கணம் யோசிப்பது நல்லது.

சிஎஸ்பி: எதிரி யார் என்று தெரிந்து எழுதுங்கள்

கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி ஹெடரில் ஸ்கிரிப்ட்-எஸ்ஆர்சி என்ற கட்டளை எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று சொல்கிறது. டொமைன்களை அடுக்கி அனுமதிப் பட்டியல் எழுதுவது எளிது. ஆனால் அது பெரும்பாலும் வெறும் ஒப்புக்குத்தான். கூகுள் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்கிரிப்டைக் கட்டுப்படுத்த முயன்ற கொள்கைகளில் 94.68 சதவீதம் பயனற்றவை என்று கண்டார்கள். பொது சிடிஎன்னின் டொமைனை அனுமதித்தால் நீங்கள் அனுமதிப்பது உங்கள் நூலகத்தை மட்டுமல்ல. அங்கே யார் வேண்டுமானாலும் ஏற்றிவைத்த எல்லாத் தொகுப்புகளையும்தான். டொமைனைக் கட்டாயம் எழுத வேண்டுமென்றால், கோப்பின் முழுப் பாதை வரை எழுதுங்கள்.

நான்ஸ் (ஒருமுறை மட்டும் பயன்படும் மதிப்பு) முறை இதைவிட உறுதியானது. சர்வர் ஒவ்வொரு பதிலுக்கும் புதிதாக 16 பைட் ரேண்டம் எண்ணை எடுத்து, பேஸ்64 ஆக்கி (24 எழுத்து வரும்), ஹெடரிலும் நீங்கள் நம்பும் ஸ்கிரிப்ட் டேக்குகளிலும் ஒரே மதிப்பாக எழுத வேண்டும். பக்கத்தை சிடிஎன் கேஷ் செய்து எல்லோருக்கும் அதே நான்ஸைக் கொடுத்தால் முழு ஏற்பாடும் வீண். கேஷ் செய்யும் நிலையான பக்கங்களுக்கு நான்ஸை விட்டு, ஸ்கிரிப்டின் ஹாஷை சிஎஸ்பியில் எழுதும் முறைக்குப் போங்கள். நான்ஸோ ஹாஷோ இருந்தால் அன்சேஃப்-இன்லைன் தானாகச் செல்லாததாகிவிடும்.

ஸ்ட்ரிக்ட்-டைனமிக் என்ற சொல்லைச் சேர்த்தால், நான்ஸ் பெற்ற ஸ்கிரிப்ட் இழுத்து வரும் ஸ்கிரிப்டுகளும் ஓடும். டொமைன் பட்டியல் புறக்கணிக்கப்படும். இங்கேதான் குழப்பம் வரும். எக்ஸ்எஸ்எஸ் வழியாக நுழைபவரைத் தடுக்க இது அருமையான ஏற்பாடு. நீங்களே நான்ஸ் கொடுத்து அழைத்த வெளி ஸ்கிரிப்ட் ஒருநாள் கெட்டுப்போனால் இது ஒன்றும் செய்யாது. மாறாக, அது அழைத்து வரும் கூட்டாளிகளுக்கும் கதவைத் திறந்து வைக்கும். வெளியார் ஸ்கிரிப்டுக்கு எதிராக உங்களிடம் இருப்பவை எஸ்ஆர்ஐயும், தகவல் வெளியே போகும் வழிகளை அடைக்கும் கட்டளைகளும்தான்: கனெக்ட்-எஸ்ஆர்சி, ஐஎம்ஜி-எஸ்ஆர்சி, ஃபார்ம்-ஆக்‌ஷன். இந்த மூன்றும் இறுக்கமாக இருந்தால், திருடிய அட்டை எண்ணை அறியாத டொமைனுக்கு அனுப்புவது கடினமாகும். முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். பக்கத்தையே வேறு முகவரிக்குத் திருப்பி, முகவரியின் வாலில் தகவலை ஒட்டி அனுப்புவதை சிஎஸ்பியால் தடுக்க முடிவதில்லை.

பேஸ்-யூஆர்ஐ, ஆப்ஜெக்ட்-எஸ்ஆர்சி இரண்டையும் நன் (none, எதுவும் இல்லை) என்று போட்டுவிடுங்கள். முதலாவதை விட்டால், யாரோ செருகிய ஒரு பேஸ் டேக் உங்கள் சார்பு முகவரி ஸ்கிரிப்டுகளை எல்லாம் வேறு சர்வருக்குத் திருப்பிவிடும்.

புதிய கொள்கையை ஒரேயடியாக அமல்படுத்தாதீர்கள். ரிப்போர்ட்-ஒன்லி வடிவ ஹெடரில் முதலில் அனுப்பி, மாதக் கடைசி அறிக்கை, ஆண்டுச் சந்தா புதுப்பிப்பு போல அரிதாகத் திறக்கும் பக்கங்களும் ஒரு சுற்று வரும்வரை அறிக்கைகளைச் சேருங்கள். மெட்டா டேக்கில் ரிப்போர்ட்-ஒன்லி வேலை செய்யாது. ஹெடராகத்தான் அனுப்ப வேண்டும். அறிக்கைகளில் பெரும்பகுதி பார்வையாளர்களின் பிரவுசர் நீட்சிகள் எழுப்பும் இரைச்சலாக இருக்கும். மூல முகவரி நீட்சியுடையது என்று தெரிபவற்றை வடிகட்டிவிட்டு மீதியைப் பாருங்கள்.

பூட்ட முடியாதவை

டேக் மேனேஜர் (பக்க நிரலைத் தொடாமலே ஸ்கிரிப்டுகளைச் சேர்க்கும் கருவி), அரட்டைப் பெட்டி, விளம்பரம், ஏ/பி சோதனைக் கருவி. இவற்றின் கோப்பு அடிக்கடி மாறும். ஹாஷ் போட முடியாது. டேக் மேனேஜரை வெளி ஸ்கிரிப்ட் என்று மட்டும் நினைக்காதீர்கள். அதில் வெளியிடும் அனுமதி உள்ள ஒவ்வொருவரும் உங்கள் பக்கத்தில் நிரல் ஓட்டும் அனுமதி உள்ளவர். விட்டுப்போன விளம்பர முகமையின் கணக்கு இன்னும் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள், எல்லாக் கணக்குக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குங்கள். லாகின், பணம் செலுத்தும் பக்கங்களில் டேக் மேனேஜரை ஏற்றவே வேண்டாம் என்பது என் கறாரான கருத்து. அங்கே அதனால் கிடைக்கும் புள்ளிவிவரம், போகக்கூடியதற்கு ஈடாகாது.

பக்கத்தோடு ஒட்டி உறவாட வேண்டிய தேவை இல்லாத கருவியைச் சாண்ட்பாக்ஸ் (உரிமைகளைக் குறைக்கும் வேலி) போட்ட ஐஃப்ரேமில் (பக்கத்துக்குள் பதித்த தனிப் பக்கம்) வையுங்கள். சாண்ட்பாக்ஸ் ஆட்ரிபியூட்டில் அலவ்-ஸ்கிரிப்ட்ஸ் மட்டும் கொடுங்கள். உங்கள் டொமைனிலிருந்தே வரும் ஃப்ரேமுக்கு அலவ்-சேம்-ஆரிஜினையும் சேர்த்துக் கொடுத்தால், உள்ளே இருக்கும் நிரல் வெளியே கைநீட்டிச் சாண்ட்பாக்ஸையே கழற்றிவிடலாம். இரண்டையும் சேர்த்தால் சாண்ட்பாக்ஸ் இல்லாததற்குச் சமம். தகவல் பரிமாற போஸ்ட்-மெசேஜ் பயன்படுத்தும்போது, சாண்ட்பாக்ஸ் ஃப்ரேமின் ஆரிஜின் நல் (null, வெறுமை) என்றே வரும். எந்தச் சாண்ட்பாக்ஸிலிருந்தும் நல் வரலாம் என்பதால் அதை மட்டும் நம்பாமல், செய்தியின் சோர்ஸ் உங்கள் ஃப்ரேமின் விண்டோதானா என்று ஒப்பிடுங்கள். உள்ளே அனுப்பும் செய்தியில் ரகசியம் எதுவும் வேண்டாம். குக்கியை நேரடியாகப் படித்து வேலை செய்யும் சில கருவிகள் இந்த ஏற்பாட்டில் ஓடாது. அப்படிப்பட்டவற்றைத் தனித் துணை டொமைனில் இருக்கும் பக்கத்தில் வைத்து, அந்தப் பக்கத்தை ஃப்ரேமாக இழுக்கலாம்.

கட்டணச் சேவைகளின் ஸ்கிரிப்ட் தனி ரகம். ஸ்ட்ரைப் போன்றவை தங்கள் டொமைனிலிருந்தே ஏற்ற வேண்டும், நகலெடுத்து வைக்கக் கூடாது என்கின்றன. அங்கே ஹாஷும் இல்லை, சொந்த நகலும் இல்லை; எஞ்சியிருப்பது சிஎஸ்பியும் கண்காணிப்பும். அட்டை வழியாகப் பணம் வாங்கும் தளங்களுக்கான பாதுகாப்புத் தரமான பிசிஐ டிஎஸ்எஸ் 4-ஆம் பதிப்பின் 6.4.3 விதி, பணம் செலுத்தும் பக்கத்தில் ஓடும் ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் பட்டியல், காரணம், அனுமதி, மாறாமை உறுதி ஆகியவற்றைக் கேட்கிறது, 11.6.1 விதி பக்கத்தில் நடக்கும் மாற்றத்தைக் கண்டறியும் ஏற்பாட்டைக் கேட்கிறது. இரண்டும் 2025 மார்ச் 31-க்குப் பிறகு கட்டாயம். முதலில் போட்ட கணக்கெடுப்புப் பட்டியலை ஒழுங்காக வைத்திருந்தால் முதல் விதியின் பாதி வேலை அதிலேயே முடிந்திருக்கும்.

பட்டியலில் இல்லாத ஸ்கிரிப்ட் ஒன்று நாளை முளைத்தால் உங்களுக்குத் தெரிய வேண்டும். தினமும் ஒருமுறை தலையில்லா பிரவுசரை (திரையில் காட்டாமல் ஓடும் பிரவுசர்) ஓட்டி, முக்கியப் பக்கங்களில் இறங்கும் ஜேஎஸ் முகவரிகளையும் ஹாஷ்களையும் முந்தைய நாளோடு ஒப்பிடும் சிறு நிரல் போதும். அதை மொபைல் யூசர் ஏஜென்டோடும் இன்னொரு முறை ஓட்டுங்கள், நேரத்தையும் மாற்றி மாற்றி வையுங்கள். பாலிஃபில் நிரல் ஒளிந்திருந்தது அந்த இடைவெளியில்தான்.